பச்சைக் கோடு ஆடுகிறது, குரல் மட்டும் சரியில்லை: கணினியின் மைக்கையும் ஸ்பீக்கரையும் சோதிப்பது எப்படி?

ஆன்லைன் நேர்காணலுக்கு ஒருவர் தயாராகிறார். கணினியின் செட்டிங்ஸில் மைக் பக்கத்தைத் திறந்து "ஹலோ, ஹலோ" என்கிறார். கோடு பச்சையாக ஏறி இறங்குகிறது. மைக் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அழைப்பில் சேர்கிறார். இரண்டாவது நிமிடத்திலேயே எதிர்முனையில் இருப்பவர், "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது" என்கிறார்.

சோதனை செய்து பார்த்த பிறகும் இப்படி ஏன் நடக்கிறது? அந்தப் பச்சைக் கோடு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: மைக்கிலிருந்து ஏதாவது வருகிறதா, இல்லையா? வருவது தெளிவாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மின்விசிறியின் இரைச்சலுக்கும் அந்தக் கோடு ஆடும், மேசையைத் தட்டினாலும் ஆடும். வேலை, படிப்பு, பாட்டு வகுப்பு, மருத்துவ ஆலோசனை என எல்லாமே இந்தச் சின்ன மைக்கை நம்பி நடக்கும்போது, இரண்டாவது கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

## குரல் எத்தனை கை மாறுகிறது?

உங்கள் வாயிலிருந்து கிளம்பும் ஒலி எதிர்முனையில் இருப்பவரின் காதை அடைவதற்குள் ஆறு இடங்களைக் கடக்கிறது.

1. அறை. வாய்க்கும் மைக்குக்கும் இடையில் இருக்கும் காற்று, சுவர்கள், மின்விசிறி.
2. மைக். காற்றின் அதிர்வை மின்சார அலையாக மாற்றும் கருவி.
3. கணினியின் ஒலிச் சில்லு. மின்சார அலையை எண்களாக மாற்றுவது.
4. மென்பொருள். விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளமும் அதன் மேல் ஓடும் ஜூம், மீட், டீம்ஸ் போன்ற செயலியும். இரைச்சலை நீக்குவது, எதிரொலியை வெட்டுவது, ஒலி அளவை ஏற்றி இறக்குவது எல்லாம் இங்கேதான்.
5. இணையம். எண்களைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்புவது.
6. எதிர்முனையில் இருக்கும் கணினி, ஸ்பீக்கர், அறை.

செட்டிங்ஸில் ஆடும் கோடு மூன்றாவது கட்டத்தைத் தாண்டியதும் கிடைக்கும் அளவு. அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. முதல் கட்டத்தில் நடந்த கெடுதலையும் அது பிரித்துச் சொல்லாது.

## முதலில் நான்கு சொற்கள்

அதிர்வெண்: ஒரு நொடியில் எத்தனை முறை காற்று அதிர்கிறது என்ற கணக்கு. ஹெர்ட்ஸ் என்பது அதன் அலகு. இளம் வயதில் நல்ல காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேசும்போது ஆண் குரலின் அடிப்படை அதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண் குரலுடையது 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். ஆனால் சொற்களைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதற்கு மேலே உள்ள அதிர்வுகளில்தான் இருக்கிறது. 'ஸ்' என்ற ஒலியின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே.

சாம்பிள் ரேட்: ஒலி அலையை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பது. இதில் ஓர் எளிய விதி உண்டு. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரை உள்ள அதிர்வுகளைத்தான் பிடிக்க முடியும். சிடி 44,100 முறை அளக்கிறது, ஆகவே 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். பழைய தொலைபேசி முறை 8,000 தடவைதான் அளக்கும். அதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது, நடைமுறையில் 300 முதல் 3,400 வரைதான். போனில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே, காரணம் இதுதான். இரண்டையும் பிரிக்கும் பகுதி கம்பியிலேயே ஏறவில்லை.

டெசிபல்: ஒலியின் அளவை ஒப்பிடும் கணக்கு. கணினியில் 0 என்பது உச்சவரம்பு. மற்ற எல்லா அளவுகளும் மைனஸில் வரும். 6 டெசிபல் கூடினால் அலையின் உயரம் இரண்டு மடங்காகிறது.

கிளிப்பிங்: குரல் அந்த 0 என்ற கூரையில் போய் இடித்தால் அலையின் தலை வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். வெட்டுப்பட்ட குரலைப் பிறகு ஒலியைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. 'சத்தம் நிறைய வரட்டும்' என்று மைக் அளவை 100-க்கு ஏற்றி வைப்பவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

## சோதனையை ஸ்பீக்கரில் தொடங்குங்கள்

மைக்கைச் சோதிக்கப் பதிவு செய்து கேட்க வேண்டும். கேட்கும் கருவியே பழுதாக இருந்தால் எந்தப் பக்கம் கோளாறு என்று தெரியாது. அதனால் முதலில் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன்.

1. இடம், வலம். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும் சோதனைக் கோப்பை ஓடவிடுங்கள். இரண்டு பக்கமும் மாறாமல், ஒரே அளவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மந்தமாக இருந்தால், செட்டிங்ஸில் பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஸ்பீக்கர் வலையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. அதிர்வெண் வரிசை. 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை ஏறும் ஒலியை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே உருவாக்கலாம். அளவைக் குறைத்து வைத்துத்தான் தொடங்க வேண்டும், முக்கியமாக ஹெட்போனில். ஒலி ஏறும்போது ஓரிடத்தில் 'ஜிர்ர்' என்று அதிர்ந்தால் ஸ்பீக்கரின் சவ்வோ, லேப்டாப் உடலில் தளர்ந்த ஏதோவொன்றோ நடுங்குகிறது என்று பொருள்.

3. சொந்தமாக நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு. ஆயிரம் முறை கேட்ட பாட்டில் ஏதாவது குறைந்தால் காது உடனே சொல்லிவிடும்.

இந்த வரிசையில் லேப்டாப் ஸ்பீக்கர் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ மௌனமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரல் நுனி அளவுள்ள சவ்வால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. அப்படியானால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆண் குரல் எப்படிக் கேட்கிறது? அந்தக் குரலின் மடங்குகளான 200, 300, 400 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் வந்தாலே போதும், வராத அடிப்படையை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. மனிதக் காதின் அழகான வேலைகளில் இது ஒன்று.

## மைக்: பதிவு செய்து கேளுங்கள்

விண்டோஸ் 11-இல் மைக் சோதனை, பேசி முடித்ததும் மொத்த அளவில் இத்தனை சதவீதம் என்று ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. கணினியில் இருக்கும் ரெக்கார்டர் செயலியில் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்பதுதான் சோதனை.

என்ன பேசுவது? "ஹலோ ஹலோ" போதாது. அதில் வல்லின வெடிப்பும் இல்லை, 'ஸ்' ஓசையும் இல்லை. இப்படிச் செய்து பாருங்கள்:

1. முதல் ஐந்து நொடி பேசாமல் இருங்கள். அறையின் இரைச்சல் மட்டும் பதிவாகட்டும்.
2. "பச்சைப் பட்டுப் பாவாடை, பத்துப் பப்பாளி" என்று சொல்லுங்கள். 'ப' வரும்போது 'புஃப்' என்று காற்று அடித்தால் மைக் வாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.
3. "பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சரசு ஜூஸ் வாங்கினாள்." 'ஸ்' மங்கினால் மேல் அதிர்வெண்கள் எங்கேயோ வெட்டுப்படுகின்றன. ஊசி போலக் குத்தினால் மைக்கின் இயல்பே அப்படி என்று பொருள்.
4. வழக்கமான குரலில் இரண்டு வரி, உற்சாகத்தில் சத்தமாக ஒரு வரி. சத்தமான வரியில் கரகரப்பு வந்தால் மைக் அளவைக் குறைக்க வேண்டும்.

ஆடாசிட்டியில் பதிந்தால் அலையின் உயரம் கண்ணுக்கும் தெரியும். வழக்கமான பேச்சின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை இருப்பது நல்லது. பேசாத நொடிகள் அதைவிட மிகவும் கீழே, மைனஸ் 50-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்கக் கேட்பவருக்குக் களைப்பு கூடும்.

அந்த இடைவெளியைக் கூட்டப் புது மைக் வாங்க வேண்டும் என்பதில்லை. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடுகிறது. 60 சென்டிமீட்டரில் இருந்த மைக் 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம், அலையின் உயரத்தில் நான்கு மடங்கு. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் இரைச்சல் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கிணற்றுக் குரலுக்கும் பெரும்பாலும் இந்தத் தூரம்தான் காரணம். வெற்றுச் சுவரிலும் டைல்ஸ் தரையிலும் மோதித் திரும்பிய ஒலி, நேராக வந்த குரலோடு கலந்துவிடுகிறது. விலை குறைந்த ஹெட்செட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால், மேசையின் அந்த முனையில் நிற்கும் விலை உயர்ந்த மைக்கைவிடத் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

பதிவைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நம் குரல் நமக்கு எப்போதும் அந்நியமாகத்தான் கேட்கும். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பின் வழியாகவும் காதுக்குப் போகிறது, அதனால் கனமாகத் தெரிகிறது. பதிவில் அந்த எலும்பு வழி இல்லை. 'என் குரல் இவ்வளவு மெலிசா?' என்று மைக்கைக் குறை சொல்வதற்கு முன், வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பேசவைத்துப் பதிந்து கேளுங்கள். அவர் குரல் இயல்பாக இருந்தால் மைக் சரி.

## புளூடூத்: பாட்டு நன்றாக, அழைப்பு மோசமாக

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். பாட்டு கேட்கும்போது அருமையாக இருந்த இயர்போன், அழைப்பில் சேர்ந்த நொடியில் பழைய ரேடியோ போல ஆகிவிடுகிறது. இயர்போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போகிறார்கள். அது கெடவில்லை.

வழக்கமான புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்று பாட்டுக்கானது, ஏ2டிபி என்று பெயர். அதில் ஒலி ஒரு திசையில் மட்டும், கணினியிலிருந்து காதுக்குப் போகும். இடம் வலம் பிரிந்து, நல்ல தரத்தில் வரும். மற்றொன்று அழைப்புக்கானது, ஹேண்ட்ஸ்-ஃப்ரீ எனப்படும் எச்எஃப்பி. அதில் ஒலி இரு திசையிலும் ஓட வேண்டும். அந்தக் குறுகிய வழியில் இரண்டையும் ஏற்றுவதற்காகத் தரத்தை வெட்டுகிறார்கள். பழைய முறையில் நொடிக்கு 8,000 அளவுகள், புதிய முறையில் 16,000, அதுவும் இடம் வலம் இல்லாத ஒற்றை ஒலி. ஏதாவது ஒரு செயலி இயர்போனின் மைக்கைத் திறந்த உடனே கணினி முதல் ஏற்பாட்டை விட்டு இரண்டாவதற்குத் தாவுகிறது. உங்கள் குரல் மட்டுமல்லாமல், உங்களுக்குக் கேட்பதும் சேர்ந்து தரம் இறங்குகிறது.

சில விண்டோஸ் கணினிகளில் ஒரே இயர்போன் 'ஸ்டீரியோ' என்றும் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்றும் இரண்டு பெயர்களில் தெரிவது இதனால்தான். தீர்வு எளிது. கேட்பதற்கு இயர்போனையும், பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். இயர்போனின் மைக் திறக்கப்படாததால் அது பாட்டுத் தரத்திலேயே இருக்கும். லேப்டாப் மைக் தூரத்தில் இருக்கிறதே என்றால், கம்பி வைத்த இயர்போன் இன்றைக்கும் மிக நம்பகமான வழி. 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறை இந்தக் குறையைக் களையத்தான் வந்தது. ஆனால் கணினி, இயர்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு குழப்பம்: அழைப்பு வந்ததும் ஓடிக்கொண்டிருந்த வீடியோவின் சத்தம் தானாகக் குறைவது. விண்டோஸில் அழைப்பு நேரத்தில் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு இயல்பாகவே போட்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவலில் அதை மாற்றலாம்.

## தம்புராவைத் தின்னும் மென்பொருள்

அழைப்புச் செயலிகள் எல்லாமே பேச்சுக்காக உருவானவை. அவற்றில் மூன்று வேலைகள் இடைவிடாமல் நடக்கின்றன.

1. இரைச்சல் நீக்கம். மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று கணித்து அழிப்பது.
2. தானியங்கி அளவு. மெதுவாகப் பேசினால் ஏற்றும், சத்தமாகப் பேசினால் இறக்கும். பேசாமல் இருந்தால் அறை இரைச்சலையும் ஏற்றிவிடுவது உண்டு.
3. எதிரொலி நீக்கம். ஸ்பீக்கரில் வந்தது மைக்கில் திரும்ப நுழையாமல் வெட்டுவது.

மின்விசிறிக்கு இது வரப்பிரசாதம். சங்கீதத்துக்கோ இதுவே தடை. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குச் சென்னையில் இருந்து கர்நாடக சங்கீதம் சொல்லித் தருபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். தம்புராவின் ஸ்ருதி மாறாமல் ஒரே சீராக ஒலிக்கிறது. மென்பொருளின் கணக்கில் அதற்கும் மின்விசிறிக்கும் வித்தியாசம் இல்லை. சில நொடிகளில் ஸ்ருதியை அழித்துவிடும். நீண்ட கார்வையாக 'ஸா' பிடித்து நின்றால், நடுவில் குரலும் தேய்ந்து மறையும். மாணவருக்கு மூச்சு போதவில்லை என்று ஆசிரியர் நினைத்துவிடக் கூடும். வெட்டியது செயலி.

ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. மீட்டிலும் டீம்ஸிலும் இரைச்சல் நீக்கத்தை அணைக்கலாம். அணைத்தால் எதிரொலி வராமல் இருக்க ஹெட்போன் கட்டாயம். ஆசிரியர், மாணவர் இருவரும் இதைச் செய்ய வேண்டும், ஒருவர் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான்.

இதை எல்லாம் சரிசெய்தாலும், இருவரும் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முடியாது. ஒலி போய்ச் சேர நேரம் ஆகிறது. இயல்பான உரையாடலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. பேச்சுக்கு அது போதும். காற்றில் ஒலி 150 மில்லி நொடியில் ஏறத்தாழ 50 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளி நிற்கும் மிருதங்கத்தோடு சேர்ந்து பாடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பாடி முடித்த பிறகு மற்றவர் பாடுவதுதான் வழி.

## எதிரொலி கேட்டால் கோளாறு யார் பக்கம்?

உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்கிறதா? உங்கள் கணினியைக் குடைய வேண்டாம். உங்கள் குரல் எதிர்முனையின் ஸ்பீக்கரில் வந்து, அங்கிருக்கும் மைக்கில் நுழைந்து திரும்புகிறது. ஸ்பீக்கர் அளவைக் குறைக்கவோ ஹெட்போன் போடவோ வேண்டியவர் அவர். பலர் சேர்ந்த கூட்டத்தில் ஒவ்வொருவராக மைக்கை அணைத்துப் பார்த்தால், யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ அங்கேதான் காரணம். யாருக்கும் தன்னுடைய பக்கத்துக் குறை தனக்குக் கேட்பதில்லை என்பதால், எடுத்துச் சொல்வது உதவிதான்.

குரல் விட்டு விட்டு வந்தாலோ, இயந்திரக் குரல் போல இழுத்தாலோ காரணம் பெரும்பாலும் இணையம். மைக்கை மாற்றிப் பயனில்லை.

## முள், கம்பி, மின்சாரம்

சில கோளாறுகள் மிகச் சாதாரணமானவை. இயர்போன் முள்ளில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் மைக் உண்டு, இரண்டு என்றால் கேட்க மட்டும்தான். பழைய மேசைக் கணினிகளில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஸ்பீக்கருக்குப் பச்சைத் துளை என்று தனித்தனியே இருக்கும். மூன்று வளைய முள்ளை அதில் செருகினால் மைக் வேலை செய்யாது, இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு வேண்டும்.

பதிவில் அடியில் ஒரு 'உம்ம்' ஓசை நிரந்தரமாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் அது மின் இணைப்பிலிருந்து வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால் அந்த ஓசை 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-லும் இருக்கும். எர்த் சரியாக இருக்கும் மூன்று முள் பிளக்குக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது அழைப்பு முடியும் வரை பேட்டரியிலேயே பேசுங்கள்.

கோடு கொஞ்சமும் ஆடவில்லை என்றால், பிரைவசி பகுதியில் அந்தச் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் தெரியாத தளத்துக்குச் சோதனைக்காக மைக் அனுமதி கொடுத்திருந்தால், வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவிடுங்கள்.

## எதிர்முனையில் போய் உட்காருங்கள்

கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் "மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று சொல்லும்போது, அவருடைய ஆள் ஒருவர் தெருமுனையில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கேட்டுக் கைகாட்டுவார். மேடையில் நிற்பவருக்குத் தெருமுனையில் எப்படிக் கேட்கும் என்று தெரியாது. தொலைபேசித் துறையும் இதே வழியில்தான் போனது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.800 என்ற முறையில் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கிச் சராசரி எடுப்பார்கள். அந்த மதிப்பெண்ணைக் கணிக்கும் மென்பொருள் முறைகள் 2001-இலும் 2011-இலும் வந்தன. அவையும் மனிதக் காது கொடுத்த மதிப்பெண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்றே உருவாக்கப்பட்டன.

வீட்டில் இதைச் செய்ய இரண்டு கருவிகள் போதும். லேப்டாப்பில் ஓர் அழைப்பைத் தொடங்கி, வீட்டில் ஒருவரை அதன் முன் உட்காரவைத்து மேலே சொன்ன வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மொபைலில், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், கம்பி இயர்போனோடு அடுத்த அறைக்குப் போய் அதே அழைப்பில் சேருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, மொபைலின் மைக்கையும் அணைத்துவிடுங்கள். இப்போது ஆறு கட்டங்களையும் தாண்டி வந்த ஒலியைக் கேட்கிறீர்கள். 5-க்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: புளூடூத்தை எடுத்துவிட்டு ஒரு முறை, மைக்கை நெருக்கி வைத்து ஒரு முறை, மின்விசிறியை நிறுத்தி ஒரு முறை. எந்த மாற்றத்தில் மதிப்பெண் ஏறுகிறதோ, நேர்காணல் அன்றைக்கு அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.